60 சதவீத அடைப்புக்கும் பைபாஸ் வேண்டுமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆஞ்சியோ (இதயக் குழாய்களின் எக்ஸ்ரே படம்) ரிப்போர்ட்டில் இருக்கும் அடைப்புச் சதவீதத்தைப் பற்றித்தான். படத்தைப் பார்க்காமல் யாருக்கும் முடிவு சொல்ல முடியாது, அதனால் பொதுவாகச் சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 62 வயது. மூன்று குழாயில் அடைப்பு: 90, 80, 60 சதவீதம். பைபாஸ் என்று சொல்லிவிட்டு இப்போது பிரஷர் வயர் விட்டுப் பார்க்கணும் என்கிறார்கள். பில்லை ஏற்றுகிறார்களா? (பழைய வண்ணாரப்பேட்டை)

சந்தேகம் வருவது நியாயம்தான் தம்பி, ஆனால் இங்கே கேட்டதில் காரணம் இருக்கிறது. ஆஞ்சியோ காட்டுவது குழாயின் நிழலை. அந்த 60 என்பது பெரும்பாலும் கண்ணால் போட்ட மதிப்பு, அதே படத்தை இன்னொரு டாக்டர் 50 என்பார், வேறொருவர் 70 என்பார். பிரஷர் வயர் என்பது 0.014 அங்குலக் கம்பி, முனைக்குப் பக்கத்தில் அழுத்தம் அளக்கும் சென்சார் இருக்கும். அதை அடைப்பைத் தாண்டி நிறுத்தி, அடினோசின் கொடுத்து ரத்த ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய், அடைப்புக்கு அந்தப் பக்கம் உள்ள அழுத்தத்தை மகாதமனியின் அழுத்தத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப்.எஃப்.ஆர். நல்ல குழாயில் 1 வரும். 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால் தசைக்கு ரத்தம் போதவில்லை என்று அர்த்தம், மேலே வந்தால் அந்த அடைப்பைப் பெரும்பாலும் மாத்திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் அப்பாவுக்கு இது அந்த 60க்குத்தான் முக்கியம். மூன்று குழாய் என்று நினைத்தது இரண்டாகிவிட்டால் திட்டமே மாறலாம். 90க்கும் வயர் விடப்போகிறோம் என்றால் மட்டும் ஏன் என்று கேளுங்கள்.

எப்படியும் நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள், அந்த 60 சதவீதத்துக்கும் சேர்த்து ஒரு கிராஃப்ட் (மாற்றுக் குழாய்) போட்டுவிட்டால் என்ன? (வியாசர்பாடி)

எல்லோரும் கேட்பது இதுதான், ரொம்ப காலம் பல சர்ஜன்களும் அப்படித்தான் செய்தார்கள். சிக்கல் என்னவென்றால், சொந்தக் குழாயில் ரத்தம் தாராளமாக ஓடும்போது புதிய குழாய்க்கு வேலை இல்லை. வீட்டுக் குழாயில் மெட்ரோ வாட்டர் ஒழுங்காக வந்தால் லாரிக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு யார் ஓடுவார்கள்? ஓட்டம் இல்லாத கிராஃப்ட் சுருங்கும், பிறகு அடைபடும். இதில் நெஞ்சுக்குள்ளிருந்து எடுக்கும் தமனியும் கைத்தமனியும் காலில் எடுக்கும் சிரையைவிட ரோஷக்காரர்கள், போட்டி ஓட்டம் இருந்தால் நூல் மாதிரி மெலிந்துவிடும். கைத்தமனியைச் சின்ன அடைப்புக்கு வைக்கச் சர்ஜன்கள் தயங்குவது இதனால்தான்.

2007ல் வெளியான ஓர் ஆய்வில், நிஜமாகவே ஓட்டத்தைத் தடுத்த அடைப்புகளுக்குப் போட்ட கிராஃப்டுகளில் ஒரு வருடத்தில் அடைபட்டவை 8.9 சதவீதம், தடுக்காத அடைப்புகளுக்குப் போட்டவற்றில் 21.4 சதவீதம். ஆனால் இதை வைத்து எல்லா பைபாஸுக்கும் முன்னால் வயர் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். பின்னால் குலுக்கல் முறையில் நடந்த சிறிய ஆய்வுகளில் கிராஃப்ட் திறந்திருப்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அவற்றில் ஒன்றில் போட வேண்டிய இணைப்புகள் குறைந்தன, அவ்வளவுதான். ரெண்டுங்கெட்டான் அடைப்புக்கு அளந்து பார்ப்பது புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

அம்மாவுக்கு ஆஸ்துமா. அந்த மருந்து ஏற்றலாமா? (எண்ணூர்)

ஆஸ்துமா இருப்பதை கேத் லேபுக்குள் (ஆஞ்சியோ செய்யும் அறைக்குள்) போகும் முன்பே சொல்லிவிடுங்கள், இன்ஹேலரையும் கொண்டுபோங்கள். அடினோசின் மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடும். சாதாரண ஆட்களுக்கே நெஞ்சு இறுகுவது போல, மூச்சு முட்டுவது போல இருக்கும், ஏற்றுவதை நிறுத்தினால் சீக்கிரம் சரியாகிவிடும். மருந்தே இல்லாமல் அளக்கும் ஐ.எஃப்.ஆர். முறையும் உண்டு, அதில் எல்லைக்கோடு 0.89.

மாரடைப்பு வந்து நான்கு நாள்தான் ஆகிறது. எஃப்.எஃப்.ஆர். 0.84 வந்ததால் அந்தக் குழாயை விட்டுவிடலாம் என்கிறார்கள். (காசிமேடு)

எந்தக் குழாயில் அளந்தார்கள் என்று கேளுங்கள். மாரடைப்பை உண்டாக்கிய அதே குழாய் என்றால் அந்த எண்ணை நம்பி உட்கார முடியாது. அடிபட்ட தசையின் நுண்குழாய்கள் மருந்து கொடுத்தாலும் முழுசாக விரியாது, ஓட்டம் ஏறாது, அதனால் எண் நிஜத்தைவிட நல்லதாகத் தெரியும்.

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன், 20 வருட சர்க்கரை. ஓட்டத்தை அளந்து ஸ்டென்ட் வைத்தால் பைபாஸே வேண்டாமாமே? (பெரம்பூர்)

அய்யா, இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் கொரோனரி பைபாஸ் உங்கள் ஊர் ரயில்வே மருத்துவமனையில், 1975ல், டாக்டர் கே. எம். செரியன் கையால் நடந்தது. அப்போது பிரஷர் வயரே கிடையாது.

நீங்கள் கேள்விப்பட்டதை ஃபேம் 3 ஆய்வு சோதித்துப் பார்த்தது. மூன்று குழாய் அடைப்பு உள்ள 1,500 பேர், பாதிப் பேருக்கு அளந்து ஸ்டென்ட், பாதிப் பேருக்கு பைபாஸ். ஒரு வருடத்தில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், மறுபடியும் சிகிச்சை எல்லாம் சேர்த்து ஸ்டென்ட் பக்கம் 10.6 சதவீதம், பைபாஸ் பக்கம் 6.9. ஐந்து வருடத்தில் முதல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை, ஆனால் தனியாகப் பார்த்தால் மாரடைப்பு வந்தவர்களும், மறுபடியும் குழாயைச் சரிசெய்ய வந்தவர்களும் ஸ்டென்ட் பக்கம் அதிகம். ஆனால் உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. பல குழாய் அடைப்புள்ள சர்க்கரைக்காரர்களுக்கு பைபாஸ்தான் மேல் என்று 2012ல் ஃப்ரீடம் ஆய்வு காட்டியது, என் சாய்வும் அந்தப் பக்கம்தான். நுரையீரலும் சிறுநீரகமும் ஆபரேஷனைத் தாங்குமா என்பதை சர்ஜன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'கிராஃப்ட் ஃப்ளோ 38, பி.ஐ. 2.4' என்று இருக்கிறது. நல்லதா? (திருவொற்றியூர்)

நல்லது. இது பிரஷர் வயர் அல்ல, தையல் போட்ட பிறகு, நெஞ்சை மூடும் முன் கிராஃப்டைச் சுற்றி ஒரு கருவியை வைத்து அல்ட்ராசவுண்டில் அளந்தது. நிமிடத்துக்கு 20 மில்லிக்குக் கீழே ஓடி, பி.ஐ. (ஓட்டத்துக்கு உள்ள தடையைக் காட்டும் எண்) 5க்கு மேலே போனால் இணைப்பில் ஏதோ கோளாறு என்று சந்தேகித்து மேஜையிலேயே திருப்பிப் பார்ப்பார்கள். உங்கள் எண்கள் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. பீடி நின்றுவிட்டதா என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லை.