லென்ஸை மாற்றும் முன்னால் அந்த ஷட்டர் எண்ணைப் பாருங்கள்

"மொபைலில் பளிச்சென்று வந்த படங்கள் புதிதாக வாங்கிய டிஎஸ்எல்ஆரில் மங்கலாக வருகின்றன, கேமராவோடு சேர்ந்து வந்த கிட் லென்ஸ் மட்டமா, வேறு லென்ஸ் வாங்கட்டுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். கேமரா வந்து ஒன்றிரண்டு மாதம் ஆகியிருக்கும், வீட்டில் யாராவது "இதுக்கா இவ்வளவு பணம்" என்று கேட்டிருப்பார்கள், அந்தச் சூட்டில்தான் கடைக்குப் போகத் தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது, போனேன், எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துவிட்டு வந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

2018 கடைசியில் கேனான் 1500டி வாங்கினேன், 18-55 எம்எம் கிட் லென்ஸோடு (எம்எம் எண் கூடக் கூடத் தூரத்திலிருப்பது கிட்ட வரும்). என் சொந்தச் சம்பளத்தில், மாதாமாதம் எடுத்து வைத்த காசு. அடுத்த மாதமே கோவில்பட்டியில் மாமா மகளுக்கு, எனக்கு மதினி முறை, வளைகாப்பு. படத்தை நான்தான் எடுப்பேன், வெளியாள் யாரையும் கூப்பிட வேண்டாம் என்று அத்தையிடம் நானே சொன்னேன். முந்நூறு படத்துக்கு மேல் எடுத்தேன். ராத்திரி கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தால் உட்கார்ந்திருந்த மதினி முகம் கொஞ்சம் பரவாயில்லை, வளையல் போடுகிற கைகள் எல்லாம் இழுவிக்கொண்டு கிடந்தன. கண்ணாடி வளையல் ஒன்றுகூடத் தனியாகத் தெரியவில்லை, சந்தனம் தடவுகிற விரல் புகை மாதிரி இருந்தது. தம்பி மொபைலில் எடுத்த ஏழெட்டுப் படம்தான் உறவுக்காரர்கள் எல்லாருக்கும் போனது. அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

கேமரா கடையில் காட்டியபோது, படத்தை ஒரு நிமிடம்கூடப் பார்க்காமல் "கிட் லென்ஸ்னா இப்படித்தான், 50 எம்எம் போடுங்க" என்றார்கள். வாங்கினேன். எஃப் எண் என்பது லென்ஸின் துளை அளவு, எண் சின்னதானால் துளை பெரியது. எஃப்/1.8 என்று பெருமையாக முழுக்கத் திறந்து வைத்து அம்மாவை எடுத்தேன். கம்மல் கல் ஊசி முனை மாதிரி தெரிந்தது, கண் மங்கல். ஏனென்றால் அந்த லென்ஸில் எஃப்/1.8 வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் நிற்கும் ஆளை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் கிட்டத்தட்ட ஒரு அங்குலம்தான். காது தெளிவாக இருந்தால் கண் போய்விடும். இதை விற்றவர்கள் சொல்லவில்லை.

கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணாச்சி ஒருவரிடம் போனேன். ஃபிலிம் காலத்து ஆள். வளைகாப்புப் படத்தைக் கேமராவிலேயே காட்டி, எங்கெங்கே மங்கல் என்று விளக்க ஆரம்பித்தேன். "படம் கெடக்கட்டும் தாயி, நம்பரக் காட்டு" என்றார். டிஸ்ப்ளே பட்டனை அமுக்கினால் படத்தோடு எண்கள் வரும். 1/25, எஃப்/5.6, ஐஎஸ்ஓ 400. முதலாவது ஷட்டர், விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தது என்று அர்த்தம்; கடைசி எண், கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்பது. "இருபத்தஞ்சுல ஒண்ணுல எடுத்தா வளையல் போடுற கை நிக்குமா?" அவ்வளவுதான் கேட்டார்.

ஐஎஸ்ஓ 400-ஐத் தாண்டினால் படம் கெட்டுவிடும் என்று ஏதோ ஒரு வீடியோவில் கேட்டதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு அதிலேயே பூட்டி வைத்திருந்தேன். 400-ஐ 3200 ஆக்கியிருந்தால், அதே மண்டபத்தில், அதே விளக்கில், அதே கிட் லென்ஸில் 1/25 இருந்த இடத்தில் 1/200 கிடைத்திருக்கும். 400, 800, 1600, 3200 என்று மூன்று முறை இரட்டிக்கிறது, ஷட்டரும் 25, 50, 100, 200 என்று கூடவே ஏறும். புள்ளி புள்ளியாகக் கொஞ்சம் நாய்ஸ் வந்திருக்கும். நாய்ஸை அப்புறம் குறைத்துக்கொள்ளலாம், இழுவிய கையை ஒன்றும் செய்ய முடியாது.

லென்ஸ் மேல் சந்தேகம் தீரவில்லை என்றேன். கேமராவை மேசை மேல் அசையாமல் வைக்கச் சொன்னார், எதிர்ச் சுவரில் தினசரி காலண்டர். எஃப்/8, திரையில் பார்த்து ஃபோகஸ், பட்டனில் கை வைக்காமல் இரண்டு விநாடி டைமர். ராகு காலம், எமகண்டம் என்று பொடி எழுத்தில் இருக்குமே, அது அத்தனையும் படிக்க முடிந்தது. மட்டம் என்று கடையில் ஒதுக்கிய அதே லென்ஸ். நீங்களும் இன்றைக்கே இதைச் செய்து பாருங்கள். எழுத்து தெளிவாக வந்தால் லென்ஸில் கோளாறு இல்லை. திரையில் பார்த்து எடுத்தால் தெளிவாகவும் கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரில் பார்த்து எடுத்தால் ஒவ்வொரு முறையும் மங்கலாகவும் வந்தால் மட்டும் சர்வீஸில் காட்டுங்கள், ஃபோகஸ் முன்னே பின்னே விழுகிறது என்று அர்த்தம்.

மொபைலில் ஏன் வருகிறது என்றால், அதன் சென்சார், அதாவது படத்தைப் பதிவு செய்கிற சில்லு, சின்னது, அதனால் முன்னாலிருப்பதும் பின்னாலிருப்பதும் ஏறக்குறைய எல்லாமே ஃபோகஸில் இருக்கும். போதாததற்கு நாம் ஒரு தடவை தொட்டால் அது பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்த்து, ஓரங்களைக் கூர்மையாக்கியும் தருகிறது. டிஎஸ்எல்ஆர் அந்த வேலையை நம்மிடம் விட்டுவிடுகிறது.

சரி, என்ன செய்யலாம். நிற்கிற பொருள் என்றால் லென்ஸின் எம்எம் எண்ணை, 1500டி மாதிரிக் கேனான் என்றால் 1.6-ஆல் பெருக்குங்கள், நிக்கான் என்றால் 1.5. 55-இல் எடுத்தால் 88, ஆகவே 1/100-க்குக் கீழே போகாதீர்கள். 250-இல் எடுத்தால் 1/400. இந்தக் கணக்கு பழசு, ஸ்டெபிலைசர் வந்த பிறகு தேவையில்லை என்று யாராவது சொல்லுவார்கள். நிற்கிற பொருளுக்கு அது ஓரளவு உண்மைதான், ஆனால் ஸ்டெபிலைசர் நம் கை ஆட்டத்தைத்தான் பிடிக்கும், எதிரே ஆடுகிற கையை அது எப்படிப் பிடிக்கும்? ஆட்கள் என்றால் 1/200, ஓடுகிற குழந்தை என்றால் 1/500 எனக்கு ஒத்துவருகிறது. ஷட்டரை நாமே வைக்கிற மோடு கேனானில் Tv, நிக்கானில் S என்று போட்டிருக்கும். அதில் போட்டு ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிடுங்கள். வெளிச்சம் நன்றாக இருக்கும் இடத்தில், துளையை நாமே வைக்கிற மோடுக்கு மாறி எஃப்/8 பக்கம் வைத்தால் கிட் லென்ஸ் நன்றாகவே கொடுக்கும், ஆனால் எஃப்/16, 22 என்று மூடிக்கொண்டே போனால் திரும்பவும் மங்கும்.

அப்புறம் ஃபோகஸ் புள்ளி. 1500டி-யில் ஒன்பது இருக்கிறது. எல்லாவற்றையும் கேமராவிடம் விட்டால் அது பெரும்பாலும் கிட்ட இருப்பதைப் பிடிக்கும், அதாவது முகத்தை விட்டுவிட்டு ஆரத்தித் தட்டை. நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்து, கண் மேல் வைத்து, பாதி அமுக்கிப் பிடித்துவிட்டு எடுங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் வியூஃபைண்டர் பக்கத்திலிருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருகி உங்கள் பார்வைக்குச் சரி செய்துகொள்ளுங்கள், அது மங்கலாக இருந்தால் படமே மங்கல் என்று பயப்பட வேண்டியிருக்கும்.

கேட்காத விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பழகுவதற்கென்று ஒரு பூங்காவுக்கோ கோட்டைக்கோ போனால், சில இடங்களில் வாசலில் பையைத் திறக்கச் சொல்லி டிஎஸ்எல்ஆருக்குத் தனி டிக்கெட் என்கிறார்கள். என் பின்னால் வந்தவர் கையில் என் கேமராவைவிட மூன்று மடங்கு விலை மொபைல், அவர் வீடியோவே எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார், ஒரு பைசா கிடையாது. கேட்டால் "கேமராவுக்குத்தாம்மா டிக்கெட்". அதிலும் பெண் தனியாகக் கேமராவோடு நின்றால் எந்த சேனல், எதற்கு எடுக்கிறாய் என்று ஆளாளுக்கு விசாரணை. கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

50 எம்எம் வீண் என்று நான் சொல்லவில்லை, விளக்கு குறைந்த இடத்தில் இப்போது அதுதான் என் கையில் இருக்கிறது, எஃப்/2.8-இல் வைத்து. ஆனால் மதினி மகனுக்குக் காது குத்தியபோது கிட் லென்ஸிலேயே எடுத்தேன். 1/250, ஐஎஸ்ஓ 3200. தாய்மாமன் மடியில் பிள்ளை வாயைப் பிளந்து அழுகிறான், கன்னத்தில் கண்ணீர்த் துளி தனியாகத் தெரிகிறது, பெரிதாக்கினால் நாய்ஸும் தெரியும். அத்தை அதைச் சட்டம் போட்டு வாங்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.

உங்கள் படங்களில் மிகவும் மங்கலான ஒன்றை எடுத்து, டிஸ்ப்ளே பட்டனை அமுக்கி, ஷட்டர் எண்ணைப் பாருங்கள். 1/ என்பதற்கு அடுத்த எண் 60-க்குக் கீழே இருந்தால் கடைப் பக்கம் போகாதீர்கள்.