ரெடிமேடா, அசெம்பிளா? கேமிங் கம்ப்யூட்டர் கேள்விகள்

கையில் பணம் குறைவு. கேமிங் கம்ப்யூட்டரை ரெடிமேடாக வாங்கினால் லாபமா, பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்தால் லாபமா?

ரெடிமேட் செட்டில் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்று முழுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதே பாகங்களைத் தனித்தனியாக வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று கூட்டிப் பாருங்கள். விண்டோஸ் லைசென்ஸ் விலையையும் சேர்த்துத்தான். அதை விட்டுவிட்டு, "அசெம்பிள்தான் மலிவு" என்று அடித்துச் சொல்பவர்கள் நிறைய. சாதாரண நாட்களில் அசெம்பிள் செய்வதுதான் பெரும்பாலும் கட்டுப்படியாகும். ஆனால் 2021-இல் கிராபிக்ஸ் கார்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கார்டுக்காகவே முழு செட்டை வாங்கியவர்களும் உண்டு. ஆகவே வாங்கப்போகும் வாரத்தில் கணக்குப் போடுங்கள். போன வருடக் கணக்கு உதவாது.

பட்டியலைத் தர மறுக்கிறார்கள். பிராசசர், கார்டு பெயர் மட்டும் போதாதா?

போதாது. அந்த இரண்டு பெயர்களையும்தான் பெட்டியில் பெரிதாகப் போடுவார்கள். காசை மிச்சம் பிடிப்பதெல்லாம் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), மதர்போர்டு, ரேம் ஆகியவற்றில். 16 ஜிபி ரேம் என்றிருக்கும். திறந்தால் ஒரே ஒரு ஸ்டிக். அதையே இரண்டு 8 ஜிபி ஸ்டிக்காகப் போட்டால் டூயல் சேனலில் (இரண்டும் ஒரே நேரத்தில்) ஓடும், பல கேம்களில் வேகம் கூடும். இதைவிடப் பெரிய தலைவலி, சில பிராண்டட் செட்களில் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அந்த நிறுவனத்துக்கே உரிய அளவிலும் கனெக்டரிலும் இருப்பது. வாரண்டி முடிந்தபின் எஸ்எம்பிஎஸ் போனால், வெளியில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் (பொது அளவு) மாடல் அதில் பொருந்தாது. பட்டியலையே தராத இடத்தில் நான் வாங்க மாட்டேன்.

80 பிளஸ் கோல்டு முத்திரை இருந்தால் நல்ல எஸ்எம்பிஎஸ் தானே?

அந்த முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான அளவு. ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு எப்படி என்று அது சொல்லாது. வாட் அளவு கார்டு தயாரிப்பாளர் சொல்வதற்குக் குறையக் கூடாது. வாரண்டி எத்தனை வருடம் என்று பாருங்கள், மாடலின் ரிவ்யூவைத் தேடிப் படியுங்கள்.

நானே அசெம்பிள் செய்ய பயமாக இருக்கிறது. எதில் தவறு நடக்கும்?

பயப்பட வேண்டியது ஒரே இடம்தான், பிராசசர் சாக்கெட். ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட் வகையில் பின்கள் பிராசசரில் இருக்கும். ஏஎம்5-இலும் இன்டெல் எல்ஜிஏ 1700-இலும் மதர்போர்டில் இருக்கும். வளைந்தால் கஷ்டம். மூலையில் உள்ள சின்ன முக்கோணத்தைப் பொருத்தி, அழுத்தாமல் தானாக இறங்கும்படி வையுங்கள். மற்றவை பெரும்பாலும் தவறான பக்கம் நுழையவே நுழையாது.

வாங்கும்போது ரேமைக் கவனியுங்கள். ஏஎம்5-க்கு டிடிஆர்5 வகை ரேம் மட்டுமே. எல்ஜிஏ 1700-இல் டிடிஆர்4-ஆ, 5-ஆ என்பது மதர்போர்டைப் பொறுத்தது.

செட் ஓட ஆரம்பித்தபின் இரண்டு விஷயம். பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை ஆன் செய்யாவிட்டால், காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ரேம் ஓடாது. அப்புறம், மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில்தான் சொருக வேண்டும். "கேம் திக்கித் திணறுகிறது" என்று வரும் புகார்களில், கேபிளை மதர்போர்டில் சொருகிவிட்டவர்கள் எப்போதும் ஓரிருவர் இருப்பார்கள்.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கி, அதில் கார்டு போட்டால்?

குறைந்த செலவில் நல்ல வழிதான், கேபினெட் பெரிதாக இருந்தால். ஒல்லியான மாடலில் உயரம் குறைந்த கார்டு மட்டுமே நுழையும். எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான தனி ஒயர் பெரும்பாலும் இருக்காது. கார்டைச் சொருகும் ஸ்லாட் மட்டும் தருவது அதிகபட்சம் 75 வாட், அதற்குள் ஓடும் கார்டாகத் தேட வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஓடும் செட்டாகப் பாருங்கள்; இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் பாகங்கள்?

கார்டு, பிராசசர் வாங்கலாம். கார்டை ஒரு கனமான கேமில் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ் மட்டும் வேண்டாம்.

இப்போது கார்டு இல்லாமல் வாங்கி, பிறகு சேர்க்கலாமா?

தாராளமாக. இன்டெல் பிராசசர் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, அதைத் தவிருங்கள். ஏஎம்டி-யின் ரைசன் 5 5600-இலும் இல்லை, 5600ஜி-யில் உண்டு. ஆனால் 5600ஜி-யில் எல்3 கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் வேகமான நினைவகம்) பாதிதான், 32-க்குப் பதில் 16 எம்பி. இரண்டு மாதத்தில் கார்டு வாங்கிவிடுவீர்கள் என்றால், பொறுத்திருந்து 5600-ஐயே எடுங்கள்.