டிம் ஆகாத ஹெட்லைட்: ஒர்க்‌ஷாப் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: தேவகோட்டையில் இருக்கிறேன். ஹை பீம் எரியவில்லை என்று காரைக்குடி ஒர்க்‌ஷாப் ஒன்றில் காம்பினேஷன் ஸ்விட்ச் (ஸ்டியரிங் பக்கத்தில் லைட்டை இயக்கும் ஸ்விட்ச்) மாற்றினேன். கூலியோடு 4,800 ரூபாய், பில் தரவில்லை. மூன்று வாரத்தில் லைட் ஹை பீமிலேயே நின்றுவிட்டது. போலீஸ் அபராதமும் விழுந்தது. ‘எலக்ட்ரிகல் சாமானுக்கு வாரண்டி கிடையாது’ என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் பழுது ஸ்விட்சில்தான் என்று காட்டினால்தான் வழக்கு நிற்கும். அதனால் முதலில் வேறொரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். ஹை பீம் ரிலேயை (ஸ்விட்ச் சொல்வதைக் கேட்டு லைட்டுக்குக் கரண்டைத் திறந்து மூடும் சிறு பெட்டி) எடுத்துவிட்டு அதே ரேட்டிங் உள்ள நல்ல ரிலேயைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சரியாகிவிட்டால் ரிலேதான் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்விட்சைக் குறை சொல்ல முடியாது. அப்போதும் டிம் ஆகாமல், ஸ்விட்ச் கனெக்டரைக் கழற்றியதும் அணைந்தால் கோளாறு ஸ்விட்சில். கழற்றியும் எரிந்தால் ஒயரிங் ஷார்ட். இதை அவர் தேதி, வண்டி எண்ணோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். கழற்றிய ஸ்விட்சை எறிந்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் முக்கிய சாட்சி.

ஒன்றை மறைக்காமல் பாருங்கள்: 60/55 வாட் இருக்க வேண்டிய இடத்தில் 100/90 வாட் பல்பு போட்டிருக்கிறீர்களா? தனி ரிலே இல்லாமல் அதைப் போட்டால் கூடுதல் கரண்டில் ஸ்விட்சின் காண்டாக்ட் சூடேறி பிளாஸ்டிக் உருகும். எதிர்த்தரப்பு முதலில் கேட்பது இதைத்தான்.

பில் இல்லாதது உங்கள் வழக்கைக் கெடுக்காது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)ன்படி பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. எனவே 30 நாள் முடியுமுன் எழுத்தில் கேளுங்கள். யுபிஐ பணப் பதிவு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் ஆதாரம். 15 நாள் அவகாசம் தந்து பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. புகார் கொடுக்கக் கெடு 2 ஆண்டு. ஸ்விட்சைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

அபராதத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். பழுது தெரியாமல் போன இரவில் விழுந்ததென்றால் நஷ்டக் கணக்கில் அதையும் சேர்த்துக் கேட்கலாம். தெரிந்த பிறகும் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(1) பாயும்: 1,500 ரூபாய் அபராதம், அதனால் விபத்தில் யாருக்காவது காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. சரிசெய்யும்வரை இரவில் அந்த வண்டியை எடுக்காதீர்கள்.