எடை கூடுமே என்று சிகரெட்டை விடாமல் இருக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. கடந்த 22 ஆண்டுகளாக நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு சிகரெட் பிடிக்கிறேன். உயரம் 172 செ.மீ., எடை 58 கிலோ. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான்கு மாதங்கள் அறவே நிறுத்தியிருந்தேன். எடை 63 கிலோ ஆகிவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் பயந்து மீண்டும் தொடங்கினேன்; எடையும் இறங்கிவிட்டது. ஒல்லியானவர்களுக்கே நுரையீரல் புற்றுநோய் அதிகம், பருமனானவர்களுக்குக் குறைவு என்று அண்மையில் ஒரு செய்தி படித்தேன். அப்படியானால் எடையைக் கூட்டிக்கொண்டாலே எனக்கு ஆபத்து குறைந்துவிடுமா?

— வாசகர், திருச்சி

பதில்: குறையாது. நீங்கள் படித்த செய்தி பொய்யன்று; பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளில், உடல் நிறை குறியீட்டெண் (பிஎம்ஐ; உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) குறைவாக உள்ளவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கை வாழ்நாளில் ஒருமுறைகூடப் புகைக்காதவர்களிடம் மட்டும் போட்டுப் பார்த்தால், எடைக்கும் இந்நோய்க்கும் இடையிலான தொடர்பு பெரும்பாலும் மங்கிப்போகிறது. நிக்கோட்டின் பசியை அடக்குகிறது. உடல் சும்மா இருக்கும்போது செலவிடும் ஆற்றலையும் சற்றுக் கூட்டுகிறது. அதனால் புகைப்பவர் மெலிகிறார். அதே புகையில் உள்ள எழுபதுக்குக் குறையாத புற்றுநோய்க் காரணிகள் அவருடைய நுரையீரல் செல்களின் மரபணுக்களைச் சிதைக்கின்றன. மெலிவும் நோயும் ஒரே அடுப்பிலிருந்து வருகின்றன; ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று தோன்றுவது அதனால்தான்.

இன்னொரு காரணத்தை நான் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் விடாத இருமலுக்காக என்னிடம் வந்தார். பரிசோதிக்கப் படுக்கச் சொன்னபோது அவருடைய தோல் பெல்ட்டில், கடையில் போட்டுக் கொடுத்த துளைகளுக்கு அப்பால், ஆணியால் குத்திய மூன்று புதுத் துளைகள் இருந்தன. ஆறு மாதத்தில் ஒவ்வொன்றாகக் குத்தியிருக்கிறார். மாலை நடைப்பயிற்சிக்குக் கிடைத்த பலன் என்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்திருக்கிறார்கள். நுரையீரலில் கட்டி முன்பே வளரத் தொடங்கியிருந்தது. உடல் இளைத்தது அதனால். கண்டறியப்படாத நோய் இப்படி முன்கூட்டியே எடையைக் குறைத்துவிடுவதால், ஆய்வுப் பட்டியலில் மெலிந்தவர் வரிசையில் நோயாளிகள் கூடுதலாக வந்து சேர்கிறார்கள். எடை குறைந்ததால் நோய் வந்தது என்று அதைத் திருப்பிப் படித்துவிடக் கூடாது.

மேலும், ஒரே குறியீட்டெண் உள்ள இருவரில் இடுப்புச் சுற்றளவு பெரிதாக உள்ளவருக்கே நுரையீரல் புற்றுநோய் ஆபத்து அதிகம் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே தொப்பை எந்த வகையிலும் காப்பு ஆகாது. இதர உறுப்புகளுக்கோ அது நேரடியாகவே கேடு செய்கிறது: உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் உடல் பருமனோடு தொடர்புடையவை என்று 13 வகைப் புற்றுநோய்களை வரையறுத்தது.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். 172 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 63 கிலோ இருந்தால் குறியீட்டெண் ஏறத்தாழ 21. இந்தியர்களுக்கு 23-க்குக் கீழ் இருந்தால் போதும் என்கிறோம். அதாவது, நீங்கள் பயந்து ஓடிவந்த அந்த எடை உங்களுக்கு முற்றிலும் பொருத்தமான எடை! அதை எண்ணித்தான் இரண்டு ஆண்டுகளை மீண்டும் புகைக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

புகையை நிறுத்துபவர்களுக்கு முதல் ஆண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ கூடுகிறது. அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே கூடிவிடுகிறது. சர்க்கரை நோய் பற்றிய உங்கள் அச்சத்திலும் ஓரளவு நியாயம் உண்டு. அமெரிக்கச் சுகாதாரப் பணியாளர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2018-இல் வெளியான ஆய்வொன்றில், நிறுத்திய பின் எடை கூடியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சில ஆண்டுகள் உயர்ந்து, பிறகு படிப்படியாக இறங்கியது. ஆனால் இறப்பு விகிதம், எடை எவ்வளவு கூடியவர்களாக இருந்தாலும், புகையைத் தொடர்ந்தவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. பிரிட்டனில் 1951-இல் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் மருத்துவர்களையே பின்தொடர்ந்த ஆய்வில், 50 வயதில் நிறுத்தியவர்கள் சராசரியாக 6 ஆண்டு ஆயுளையும், 40 வயதில் நிறுத்தியவர்கள் 9 ஆண்டு ஆயுளையும் மீட்டார்கள். நீங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள்.

இம்முறை நிறுத்தும்போது, அதே வாரத்தில் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டையும் தொடங்காதீர்கள். பசியும் புகை ஏக்கமும் சேர்ந்து வந்தால் தாங்குவது கடினம் என்பது என் அனுபவம். சிகரெட்டோடு சேர்த்துக் குடித்த டீயில் சர்க்கரையை விட்டுவிடுங்கள். கை பரபரக்கும் நேரத்தில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் வெள்ளரிப்பிஞ்சு, கொய்யா, ஒரு கிராம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு முடிந்ததும் எழுந்து பத்து நிமிடம் நடங்கள். பழைய சிகரெட்டின் நேரம் அதுவே. நிக்கோட்டின் சூயிங்கம் ஏக்கத்தைத் தணிப்பதோடு எடை ஏறுவதையும் தள்ளிப்போடும். அதை மிட்டாய்போல் விடாமல் மெல்லாமல், காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். 1800-11-2356 என்ற அரசின் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும். மூன்று மாதம் கழித்து, இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரை ஏறியிருந்தால் அதற்கு மருந்து இருக்கிறது.

ஒன்றை மட்டும் இப்போதே செய்யுங்கள். 58 கிலோவிலிருந்தும் எடை தானாக இறங்கிக்கொண்டிருந்தாலோ, மூன்று வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலோ, சளியில் இரத்தம் தெரிந்தாலோ, குரல் கம்மினாலோ, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிவைக்காமல் நுரையீரல் மருத்துவரிடம் செல்லுங்கள். சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்ததோடு திரும்பிவிடாதீர்கள். தொடக்க நிலைக் கட்டி சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம் என்பதால், 22 ஆண்டுகள் புகைத்திருக்கிறேன் என்பதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.