பழைய ரைஃபிளின் ஸ்பிரிங் தளர்ந்துவிடுமா?

கேள்வி: இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் டொரோண்டோவை ஒட்டிய லாங் பிராஞ்ச் ஆலையில் தயாரான லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிள் ஒன்றை உரிமத்துடன் வைத்திருக்கிறேன். அதைச் சுடுகளத்துக்கு எடுத்துச் செல்வது அபூர்வம். மற்ற நாள்களில் விசையை அழுத்தி, தோட்டாவின் பின்புறத்தில் அடித்து அதை வெடிக்கச் செய்யும் ஊசியை உந்தும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைக்காவிட்டால் அது வலுவிழந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: ஓரளவுக்குத்தான் உண்மை. நல்ல எஃகில் செய்த ஸ்பிரிங், அதன் மீள்தன்மை எல்லைக்குள் (விட்டால் பழைய நிலைக்கே திரும்பும் அளவுக்குள்) அழுந்தியிருக்கும்வரை, அறை வெப்பநிலையில் இழக்கும் வலு மிகச் சொற்பமே. அதைக் களைப்படையச் செய்வது திரும்பத் திரும்ப அழுந்தி விரிவதுதான். அதைவிடப் பெரிய பகை துரு. ஸ்பிரிங்கின் மேல் துரு அரித்த சிறு குழி ஒன்று விழுந்தாலும் அழுத்தமெல்லாம் அந்த இடத்தில் குவிந்து, விரிசல் அங்கிருந்தே தொடங்கும். எனவே தளர்த்தி வைப்பது நல்ல பழக்கம்தான் என்றாலும், உங்கள் கவலையில் பெரும்பகுதி ஈரத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

உங்களுடைய ரைஃபிளில் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி, குழலின் பின்புறத்தை அடைக்கும், கைப்பிடியுள்ள உருளையை) முன்னே தள்ளி மூடும்போதுதான் ஸ்பிரிங் முழுமையாக அழுந்துகிறது. தோட்டாப் பெட்டியைக் கழற்றி, குழலின் அறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் உறுதிசெய்துகொண்டு, விசையை அழுத்திப் பிடித்தபடியே போல்ட்டை மெல்ல மூடினால், ஊசி அடிக்காமல் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை இழுத்துத் தளர்த்துவதைவிட இது மேல். போல்ட்டைத் தனியே கழற்றிப் பூட்டி வைப்பதானால் இந்தக் கேள்வியே எழாது. வெளியே எடுத்த லீ-என்ஃபீல்டு போல்ட்டில் ஸ்பிரிங் முழு அழுத்தத்தில் இருப்பதில்லை. ஜெர்மனியின் மௌசர் 98 ரைஃபிள் வகையில் அப்படியல்ல: கழற்றிய பிறகும் அதன் ஸ்பிரிங் அழுந்தியே நிற்கும்.

போல்ட்டைத் தனியே வைக்கும்போது அதன்மேல் பொறித்த எண் ரைஃபிளின் எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்த்துச் சீட்டுக் கட்டி வையுங்கள். நம்பர் 4 ரைஃபிளின் போல்ட் தலைகள் 0 முதல் 3 வரை எண்ணிட்டு வெவ்வேறு நீளத்தில் செய்யப்பட்டவை. ஒன்றின் போல்ட்டை இன்னொன்றில் மாட்டினால் தோட்டாவுக்குப் பின்னுள்ள இடைவெளி மாறிப் பெரும் ஆபத்தாகலாம்.

தோட்டாப் பெட்டியின் அடியிலுள்ள வளைந்த பட்டை ஸ்பிரிங்குக்கும், விசைக்கு அருகிலுள்ள 'வி' வடிவ ஸ்பிரிங்குக்கும் தனிக் கவனிப்பு வேண்டியதில்லை. சுத்தமும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் போதும். தோட்டாக்களை எப்போதும் வேறிடத்தில் பூட்டி வையுங்கள்.

இனி ஈரம். பஞ்சு போன்ற நுரை பதித்த பெட்டியும் துணி உறையும் தோல் உறையும் எடுத்துச் செல்ல மட்டுமே உகந்தவை. மாதக்கணக்கில் உள்ளே வைத்தால் ஈரத்தைப் பிடித்து உலோகத்தோடு ஒட்டி வைத்துவிடும். அலமாரியின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம்வரை இருக்கட்டும். அதற்குள் சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் வையுங்கள். கனடாவின் குளிர்காலத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்த ரைஃபிளின் உலோகம் முழுவதும் வியர்த்துவிடும். அதை உடனே பூட்டாமல், அறை வெப்பத்துக்கு வந்தபின் துடைத்து எண்ணெயிட்டு வையுங்கள். பழைய இராணுவத் தோட்டாக்களைச் சுட்டிருந்தால், அவற்றின் பற்றுக்கலவை (ஊசி அடித்ததும் முதலில் தீப்பற்றும் கலவை) விட்டுச்செல்லும் உப்பு எண்ணெயில் கரையாது. முதலில் சூடான நீரால் குழலையும் போல்ட் முகத்தையும் கழுவி, நன்கு உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் பூச வேண்டும்.

ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் இன்னொன்றையும் பாருங்கள். போல்ட்டுக்குள் இறுகிப்போன பழைய கிரீஸ் ஊசியின் வேகத்தைத் தடுப்பதால், தோட்டா வெடிக்காமல் போவதுண்டு. பெரும்பாலான புகார்களுக்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு. போல்ட் தலையைத் திருகிக் கழற்றி, பின்புறச் சிறு திருகையும் எடுத்துவிட்டு, அதற்கென்றே உள்ள கருவியால் ஊசியை விடுவித்து, ஸ்பிரிங்கையும் போல்ட்டின் உட்புறத்தையும் கனிமக் கரைப்பானால் கழுவுங்கள். பழக்கமில்லையென்றால் துப்பாக்கி செப்பனிடுபவரிடம் கொடுங்கள். மீண்டும் பூட்டும்போது ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் அளவு முன்பிருந்தபடியே அமைய வேண்டும். அதன் பிறகும் அடி மென்மையாகவே விழுந்தால் புதிய ஸ்பிரிங் வாங்கிப் போடலாம்; அது விலை மலிவானது. கழற்றிய பழைய ஸ்பிரிங்கை எறிந்துவிடாமல் எண்ணெய்த் தாளில் சுற்றி ரைஃபிளோடு வைத்திருங்கள்.