பியூசிங்கன்: நான்கு புறமும் சுவிஸ் சூழ்ந்த ஜெர்மன் ஊர் (கேள்வி பதில்)

ரைன் நதியின் வடகரையில், சுவிஸ் நகரமான ஷாஃப்ஹவுசனை ஒட்டி இருக்கிறது பியூசிங்கன். பரப்பு 7.62 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறக்குறைய 1,500 பேர். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்தான், ஆனால் எந்தத் திசையில் நடந்தாலும் சுவிட்சர்லாந்தில்தான் கால் படும். பக்கத்து நகரத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்து அந்த ஊருக்கு அடிக்கடி போய் வந்தவன் என்பதால் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மதுரை): இந்த ஊர் மட்டும் எப்படித் தனியே மாட்டிக்கொண்டது?

ஒரு குடும்பச் சண்டையில் தொடங்கியது. அக்காலத்தில் ஊரின் மேலாட்சி ஆஸ்திரிய அரச குடும்பத்திடம் இருந்தது. ஊரை நிர்வகித்தவர் எபர்ஹார்ட் இம் தூர்ன். ஷாஃப்ஹவுசன் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையைச் சேர்ந்த நகரம். இவரோ கத்தோலிக்கப் பக்கம் சாய்கிறார் என்று உறவினர்களுக்குச் சந்தேகம். 1693இல் சொந்த உறவினர்களே அவரைக் கடத்திக்கொண்டு போய் நகர அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். ஆஸ்திரியா படையைக் காட்டி மிரட்டிய பிறகு, 1699இல்தான் அவர் வெளியே வந்தார்.

அந்த அவமானத்தை ஆஸ்திரியா மறக்கவில்லை. சுற்றியிருந்த ஊர்களின் உரிமைகளைப் பின்னாளில் விற்றபோதும் பியூசிங்கனை மட்டும் கொடுக்க மறுத்தது. 1770இல் ராம்சன், டோர்ஃப்லிங்கன் ஆகிய ஊர்களின் மேலாட்சி சூரிக்குக்குக் கைமாறியதும் பியூசிங்கன் துண்டாகிப்போனது. பிறகு ஊர் ஜெர்மன் அரசுகளின் கைக்குப் போனது: 1805இல் வூர்ட்டம்பர்க், 1810இல் பாடன், அதன் வழியாக ஜெர்மனி. அந்த ஊருக்கும் ஜெர்மனியின் மற்றப் பகுதிக்கும் இடையே, மிகக் குறுகிய இடத்தில், ஏறத்தாழ 700 மீட்டர் சுவிஸ் நிலம்தான் இருக்கிறது.

கேள்வி (சூரிக்): யூரோவா, பிராங்கா?

சட்டப்படி யூரோ. கடையிலும் உணவகத்திலும் புழங்குவது பிராங்க்.

கேள்வி (பேர்ன்): ஜெர்மன் ஊர் என்பதால் இறைச்சியும் பலசரக்கும் அங்கே மலிவாக வாங்கலாமா? பச்சைச் சீட்டு தருவார்களா?

தரமாட்டார்கள். சுவிஸ் வாழ் தமிழர்கள் பலர் சனிக்கிழமைகளில் சிங்கனுக்கும் கான்ஸ்டன்சுக்கும் போய்ச் சாமான் வாங்கி, ஜெர்மன் வரியைத் திரும்பப் பெறப் பச்சைச் சீட்டு வாங்கிவருவது வழக்கம். பியூசிங்கன் அந்தக் கணக்கில் வராது. அது சுவிஸ் சுங்க எல்லைக்குள் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கப் பகுதியில் இல்லை. விற்பனை வரியும் சுவிஸ் வரியே. இன்னொன்றையும் கவனியுங்கள். சிங்கனில் வாங்கியதை பியூசிங்கனுக்குக் கொண்டுபோனாலும் அது சுவிஸ் சுங்கத்தைத் தாண்டும் சரக்குதான். ஆளுக்கு ஒரு கிலோ இறைச்சி, 150 பிராங்க் மதிப்பு என்ற வரம்புகள் அங்கேயும் பொருந்தும்.

கேள்வி (கோவை): அஞ்சல், தொலைபேசி, காவல் எல்லாம் யாருடையவை?

இரண்டு நாடுகளுடையவையும். ஜெர்மன் அஞ்சல் குறியீடு 78266, சுவிஸ் குறியீடு 8238. தொலைபேசி எண்களும் அப்படியே. வண்டிகளுக்கு பி.யூ.எஸ் என்று தனி எண் பலகை. சுங்க அதிகாரிகள் சுவிஸ் வண்டியைப் போல நடத்த வேண்டும் என்பதற்காக. சுவிஸ் காவலர்கள் ஊருக்குள் வந்து கைது செய்யலாம், ஆனால் ஒரே நேரத்தில் 10 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஊரின் கால்பந்துக் குழு சுவிஸ் போட்டிகளில் ஆடுகிறது.

கேள்வி (வின்டர்தூர்): 1918இல் மக்களே சுவிட்சர்லாந்து வேண்டும் என்று வாக்களித்தார்களே? ஏன் நடக்கவில்லை?

96 விழுக்காட்டினர் கேட்டார்கள். ஈடாகக் கொடுக்க சுவிட்சர்லாந்திடம் நிலம் இல்லை என்பதால் அது நிறைவேறவில்லை. அந்த மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே இதை நான் கருதுகிறேன்.

மறுப்பு (ஸ்டுட்கார்ட்): அநீதி என்பது மிகை. 1964இல் ஒப்பந்தம் போட்டு 1967இல் நடைமுறைக்குக் கொண்டுவந்து எல்லாவற்றையும் தீர்த்துவிட்டார்களே. பிடிக்காதவர்கள் பக்கத்து ஊருக்குக் குடிபோகலாம்.

எல்லாவற்றையும் தீர்க்கவில்லை. அந்த ஒப்பந்தத்தில் ஃபெரேனாஹோஃப் என்ற மூன்று வீட்டுக் குக்கிராமம் சுவிட்சர்லாந்துக்குப் போனது. பியூசிங்கனுக்குக் கிடைத்தது சுங்க ஒழுங்கு மட்டுமே. வருமான வரி ஜெர்மன் வரியாகவே நின்றது.

அதன் வலியைப் பாருங்கள். ஊர்க்காரர்களில் பலர் சுவிட்சர்லாந்தில் வேலை பார்க்கிறார்கள். சம்பளம் பிராங்கில், செலவு சுவிஸ் விலையில், வரி மட்டும் யூரோவில் கணக்கிட்டு ஜெர்மனிக்கு. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி யூரோவுக்கு எதிராகப் பிராங்கின் மதிப்பு ஏறாமல் கட்டிவைத்திருந்த வரம்பை விலக்கியது, பிராங்க் சட்டென்று ஏறியது. அதே சம்பளம், அதே வாடகை. ஆனால் யூரோக் கணக்கில் வருமானம் ஒரே நாளில் பெருத்து, வரியும் ஏறியது. வரிச் சலுகை ஒன்று உண்டு, ஆனால் பத்தாது.

'குடிபோகலாம்' என்கிறீர்கள். இளையவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளிக் குடியேறினால் வரி குறைகிறது. ஓய்வூதியத்துக்கு ஜெர்மன் வரி இலகு என்பதால் சுவிஸ் முதியவர்கள் இங்கே வந்து சேர்கிறார்கள். ஊர் மூப்படைந்துகொண்டே போகிறது. எழுந்து போக முடிவதால் அநீதி இல்லையென்று ஆகிவிடாது.

கேள்வி (லுசேர்ன்): அங்கே சாராயமும் சிகரெட்டும் வரியில்லாமல் கிடைக்குமா?

மூன்றாவது கேள்வியின் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (சென்னை): ஜெர்மன் விசாவில் போகலாமா?

ஷெங்கன் விசா போதும். சுவிட்சர்லாந்து 2008 டிசம்பரில் ஷெங்கனில் சேர்ந்துவிட்டது.

கேள்வி (திருச்சி): 1849இல் அங்கே போர் நடந்ததாகப் படித்தேன். உண்மையா?

போர் நடக்கவில்லை, நெருங்கி வந்தது. அப்போது ஊரை ஆண்ட பாடனில் எழுந்த புரட்சியை அடக்கும்போது, இன்னொரு ஜெர்மன் அரசான ஹெஸ்ஸனின் படையினர் நீராவிக் கப்பலில் ரைன் வழியாக வந்து ஊரைப் பிடித்தார்கள். வரும் வழியில் சுவிஸ் எல்லையைக் கடந்தார்கள் என்று சுவிட்சர்லாந்து படை திரட்டி, திரும்பும் வழியை அடைத்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு, ஜூலை முடியுமுன், சுவிஸ் காவலோடு வெளியேறினார்கள்.

கேள்வி (கொழும்பு): அங்கே எந்தப் பணம் செல்லும்?

இரண்டாவது கேள்வி.

கேள்வி (பாசல்): ஒரு நாள் போனால் எதைப் பார்ப்பது?

ஷாஃப்ஹவுசனிலிருந்து பஸ் போகிறது. கோடையில் கப்பலும் நிற்கிறது, கப்பலில் போங்கள். இறங்கியதும் மேட்டிலிருக்கும் புனித மிக்கேல் ஆலயத்துக்கு நடங்கள். ஷாஃப்ஹவுசனுக்கே ஒரு காலத்தில் அதுதான் தாய்ச்சபை. கல்லறைகளுக்கு நடுவே நின்று ரைனைப் பாருங்கள். எதிர்க்கரையும் சுவிஸ்தான்.