பட்டறைக் கேள்வி பதில்: மடக்கி வைக்கும் உடற்பயிற்சிக் கருவி

கேள்வி: தோட்டத்து வரிசை வீடான லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஐந்து பேர் இருக்கிறோம். பயிற்சி முடிந்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று நாகம் (சிங்க்) பூசிய ஜீ.ஐ. இரும்புப் பைப்பில், இரண்டு கம்பிகளில் கை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கும் ‘டிப்ஸ்’ பயிற்சிக்கு மடக்கும் ஸ்டாண்ட் ஒன்று செய்தேன். உயரம் 75 செ.மீ. உடம்பைத் தூக்கியதும் பக்கவாட்டில் ஆடுகிறது. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை. கம்பிகளைச் சுவரில் பொருத்திவிடலாமா?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: சுவர் வேண்டவே வேண்டாம். பழைய லயங்களில் பல சுவர்கள் கல்லை மண் சாந்தில் அடுக்கிக் கட்டியவை. திருகாணியைப் பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் ரோல் பிளக் அதில் பிடிக்காது, ஒருநாள் சாந்தோடு பெயர்ந்து வரும்.

ஆட்டத்துக்குக் காரணம் மூட்டுத்தான். மூட்டுத் தட்டில் இரண்டு போல்ட்டுகளுக்கு இடையே 5 செ.மீ. தூரம் இருக்கிறது, துளைகளில் அரை மில்லிமீற்றர் தளர்வு இருக்கிறது என்று வையுங்கள். 75 செ.மீ. உயரத்தில் அது 7.5 மி.மீ. ஆட்டமாகப் பெருகிவிடும். இறுக்க இறுக்கப் பைப் நசுங்குமே தவிர, துளை சிறிதாகாது. மடங்குவது ஒரு வேலை, பாரம் தாங்குவது வேறு வேலை. இரண்டையும் ஒரே போல்ட்டின் தலையில் கட்டக்கூடாது.

எனவே மடக்குவதை விட்டு, கழற்றிப் பூட்டும் முறைக்கு மாறுங்கள். 3.2 மி.மீ. தடிப்புள்ள ஒரு அங்குல ஜீ.ஐ. பைப்பின் உள்விட்டம் ஏறக்குறைய 27.3 மி.மீ.; முக்கால் அங்குலப் பைப்பின் வெளிவிட்டம் 26.9. ஒன்றுக்குள் ஒன்று அழகாகப் போகும். பெரிய பைப்பின் உட்புறத்தில் வெல்டிங் தழும்பு இருந்தால் அரத்தால் ராவிவிடுங்கள். குறைந்தது 15 செ.மீ. உள்ளே போகட்டும். அப்போது அதே உயரத்தில் ஆட்டம் 2 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும். பாரத்தை உள்பைப்பில் வெல்டிங் செய்த வளையம் தாங்க வேண்டும். குறுக்கே போகும் 8 மி.மீ. ஆணி கழன்று வராமல் பிடிப்பதற்கு மட்டுமே.

இரண்டு பக்கச் சட்டங்களையும் கீழே ஒரு கம்பியால் இணையுங்கள். பட்டியோ சங்கிலியோ விரிவதைத் தடுக்கும், உள்ளே சாய்வதைத் தடுக்காது. கைப்பிடிகளுக்கு இடைவெளி 50 முதல் 55 செ.மீ., தரையில் கால் நீளம் 60 செ.மீ.க்குக் குறையக்கூடாது.

வெல்டிங் வைக்கும் இடத்தில் இரண்டு மூன்று செ.மீ.க்கு நாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) வெளியே திறந்த வெளியில் செய்யுங்கள். அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். பூச்சுப் போன இடத்தில் நாகம் கலந்த பெயின்ட் அடிக்காவிட்டால், நம் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் துரு சீக்கிரமே பிடித்துவிடும். கால் நுனிக்கு வழவழப்பான றப்பர் மூடி போட்டால், ஈரம் படிந்த சிமெந்துத் தரையில் வழுக்கும். பழைய டயரில் பூவுள்ள துண்டை வெட்டி, பூ தரையைப் பார்க்கும்படி ஒட்டுங்கள். தண்ணீர் வடிய நுனியில் 5 மி.மீ. துளை ஒன்றும் இருக்கட்டும்.

ஆள் ஏறுவதற்கு முன், 50 கிலோ சிமெந்து மூட்டை மூன்றைக் கைப்பிடிகள் மேல் பலகை போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். இறக்கிய பிறகு பைப்பில் வளைவு மிச்சமிருந்தால் அந்தப் பைப் உதவாது.

கேள்வி: சைக்கிள் டியூபைக் கதவுக் கொண்டியில் மாட்டி இழுத்துப் பயிற்சி செய்கிறேன். மாட்டிய இடத்திலேயே அறுந்துவிடுகிறது.
– வாசகி, பண்டாரவளை

பதில்: கொண்டியின் கூரான விளிம்பு போட்ட சிறு வெட்டுத்தான், இழுக்க இழுக்கப் பிளந்துகொண்டு போகிறது. வால்வுப் பகுதியையும் ஒட்டுப் போட்ட இடத்தையும் வெட்டி எறியுங்கள். கொண்டிக்குப் பதிலாக ஒரு அங்குல நைலோன் பட்டியில் வளையம் செய்து, அதன் முடிச்சு கதவின் மறுபக்கம் நிற்கும்படி கீல் பக்க இடுக்கில் விட்டு, வளையத்தில் டியூபைக் கோத்துவிடுங்கள். நீங்கள் இழுக்கும்போது கதவு மூடும் திசையில் வர வேண்டும், திறக்கும் திசையில் அல்ல. இயல்பான நீளத்தின் இரண்டு மடங்குக்கு மேல் இழுக்க வேண்டாம், முகத்துக்கு நேராகவும் இழுக்க வேண்டாம். வெயிலிலும் அடுப்படியிலும் தொங்கவிட்டால் றப்பரில் வெடிப்பு விழும். வாரம் ஒருமுறை மடித்துப் பாருங்கள், கோடு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் மடக்கும் கருவிக்குப் பேட்டன்ட் எடுக்கலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: ‘மடங்கும்’ என்பதற்கு மட்டும் கிடைக்காது, அது எப்போதோ வந்துவிட்டது. உங்கள் பூட்டோ மூட்டோ உலகில் வேறெங்கும் இல்லாததாக இருந்தால், அந்தப் பகுதிக்குக் கேட்கலாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் உரிமை. விண்ணப்பிப்பதற்கு முன்பு கண்காட்சியிலோ பேஸ்புக்கிலோ படம் போடாதீர்கள். அளவுகளுடன் வரைபடம், எந்தப் பிரச்சினையை எப்படித் தீர்க்கிறது என்ற விளக்கம், இரண்டையும் இப்போதே திகதியிட்ட கொப்பியில் எழுதத் தொடங்குங்கள்.